கொய்யாத் தோப்பில் ஒரு கூடாரம்

என் மனைவி அமெரிக்காவில் நர்ஸாக இருக்கிறாள். நான் திண்டுக்கல்லில், எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அவளுக்கு மணி இரவு எட்டு ஆகும்போது எனக்கு மறுநாள் காலை ஐந்தரை. அங்கே கோடையில் எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் சேர்ந்து நடப்போம். அவள் அங்கே ஒரு காட்டில் நடப்பாள். நான் பைக்கைச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு மலைச்சாலையில் நடப்பேன். இருவர் காதிலும் போன் இருக்கும்.

முதலில் அவள் அதைப் பூங்கா என்றுதான் சொன்னாள். நான் ஊஞ்சலையும் சிமெண்டு ஒட்டகச்சிவிங்கியையும் நினைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் இல்லங்க. இது பெரிய காடு. நம்ம ஊர்ல மாவட்டம் இருக்குல்ல, அதுமாதிரி இங்க கவுண்டி. அவங்கதான் இதப் பாத்துக்கிறாங்க. நடக்குற பாதை தெரியணும்னு மரத்துல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நீலத்தப் பாத்துக்கிட்டே போனா ஒன்றரை மணி நேரத்துல கார் நிறுத்துன இடத்துக்கே வந்துருவோம்."

"மஞ்சளப் பாத்துப் போனா?"

"அது அம்புட்டுத் தூரம் போகும். இன்னும் போகல. நீங்க வந்தா போவோம்."

நான் போகவில்லை. போயிருக்க முடியும். அவளுக்கு விசா வந்தபோது அதே காகிதங்களில் எனக்கும் வந்தது. ஆனால் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டிய மாதத்தில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா இல்லை. ஒரே அக்கா, தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு மாடும் காடும் பெரிய குடும்பமும். நீ முன்னாடி போ, நான் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவியை அனுப்பிவைத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் அவளால் போக முடிந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அதனால்தான் போயிருக்கக் கூடாது என்றும் அதே ஆட்கள் சொன்னார்கள்.

காட்டில் நடக்கிற ஆசை அவளுக்கு அமெரிக்காவில் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிச் சிறுமலைக்குப் போனோம். திரும்பி வர வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆகும் என்றார்கள். "நடப்போமா?" என்று அவள்தான் கேட்டாள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு வளைவில், சாலையிலிருந்து பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுமாடு நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் அசையவில்லை. அது செத்த நேரம் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

"ஒரு நாளாச்சும் இங்கன படுத்து எந்திரிக்கணும்ங்க" என்றாள் அவள். அதன்பிறகு அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறி மாறி வந்தது, எனக்குக் கடை. ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஆறு வருஷமும் மலை எங்கள் தெருமுனையிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தது.

அவள் போன முதல் கோடையில் ஒரு படம் அனுப்பினாள். உயரமான மரங்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கூடாரம். பக்கத்தில் எண் எழுதிய கட்டை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். 'ராத்திரி இங்கதான் தங்கினேன், நல்லாத் தூங்கினேன்' என்று அதன் கீழே எழுதியிருந்தாள். நான் அந்தப் படத்தைக் கடையில் வைத்துப் பார்த்தேன். எரிந்துபோன ஒரு மோட்டாரின் கம்பியை உருவிக்கொண்டிருந்த நேரம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னோடு ஒரு நாளாவது காட்டில் படுத்து எழ வேண்டும் என்று சொன்னவள் நான் இல்லாமலே அதைச் செய்துவிட்டாளே என்றுதான் இருந்தது. 'சூப்பர்' என்று பதில் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து மூன்று வார லீவில் வந்தாள். அந்தக் கூடாரத்தையும் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். லீவில் பாதி, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சாப்பிடுவதில் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்ததில் இரண்டு கல்யாணம், ஒரு புதுமனை, வத்தலக்குண்டில் அவள் சித்தி வீட்டில் இரண்டு நாள். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதுதான் சிறுமலைக்குப் போனோம். செக்போஸ்டில் இருந்த வனக்காவலர் கூடாரத்தைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர்.

"காட்டுக்குள்ள இதெல்லாம் போட விடமாட்டோம்மா. மாடு நடமாட்டம் சாஸ்தி. மேல ரூம் இருக்கு, அங்க வேணா தங்குங்க."

அவள் கூடாரப் பையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பினேன். டவுனுக்குள் வரும்போது, பழனிப் பக்கம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற ஒரு விவசாயி நினைவுக்கு வந்தார். அவர் கிணற்று மோட்டாருக்குப் பல வருஷமாக நான்தான் காயில் கட்டுகிறேன். அவர் தோப்பு அங்குள்ள மலையை ஒட்டியே இருக்கும். போன் போட்டேன்.

"வாங்க தம்பி, அதுக்கென்னங்க. ஆனா தோப்புக்குள்ள எதுக்குங்க? வீட்ல ரெண்டு கட்டில் சும்மாதான கெடக்குது."

மறுநாள் பழனி ரோட்டில் போனோம். அக்காள் ஒரு நாளைக்கு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். தோப்பில் நாங்கள் கூடாரம் போடுவதை விவசாயியும் அவர் வீட்டம்மாவும் நின்று பார்த்தார்கள். மடித்த குச்சிகளை அவள் உதறியதும் அவை தானாகப் பொருந்தி நீண்டன. அரை நிமிஷத்தில் ஒரு வீடு எழுந்து நின்றது.

"இதுக்குள்ளயா கண்ணு படுப்பீங்க?" என்று அந்த அம்மா குனிந்து பார்த்தார். "பாம்பு கீம்பு வந்துச்சுன்னா?"

"ஜிப் இருக்குங்கம்மா."

அவருக்கு அது போதவில்லை. இருட்டுவதற்குள் மூன்று தடவை வந்தார். முதல் தடவை தலையணை கொண்டுவந்தார். அடுத்து ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும். கடைசியில் அவரே ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு, "பயமா இருந்தா இதுல வந்து படுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். பழுத்த கொய்யாவின் வாசனை கூடாரத்துக்குள் வந்து நிறைந்திருந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் தலை என் தோளில் இருந்தது. தூங்கி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் தோப்புக்குப் பின்னால் வாய்க்கால் கரையோடு மலையைப் பார்த்து நடந்தோம். கொய்யா மரங்கள் முடிந்து முள்ளும் வேலமரமுமாகத் தொடங்கும் இடத்தில் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "மொதத் தடவ கூடாரம் போட்டேன்ல, போட்டோ அனுப்பினேனே. அன்னிக்கு நான் அதுல தூங்கவே இல்ல."

"என்ன சொல்ற?"

"இருட்டுனதும் பயம் வந்துருச்சு. சத்தமா இருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒரு சத்தமும் இல்ல. கார்ல போயி உக்காந்து கதவப் பூட்டிக்கிட்டேன். விடியுற வரைக்கும் ஸ்டீரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காலைல போட்டோ எடுத்து அனுப்பிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் போடவே இல்ல. நடக்குறதோட சரி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்பி வந்துருன்னு சொல்லியிருப்பீங்க." காலடியில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினாள். "நானும் வந்திருப்பேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு எப்படி இருந்தது என்பதை அவளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பி, செம்புக்கம்பி அறுத்த பழைய தழும்புகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் மேலே போனோம். ஒற்றையடிப் பாதை ஓர் ஓடையில் போய் முடிந்தது. தண்ணீர் இல்லை. அதற்கு அப்புறம் காட்டிலாகாவின் எல்லைக்கல். அதைத் தாண்டவில்லை.

மூன்று நாள் கழித்து அவளை மதுரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் நான் போவதாக இருந்தது. அக்காள் ஒரு மாதம் வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். மனைவி அந்தக் காட்டுப் பூங்காவில் ஒரு சனிக்கிழமைக்கு, இரண்டு பேருக்கு என்று கூடாரம் போட இடம் பதிந்து வைத்தாள். எனக்காக நடைக்கான ஷூ வாங்கிவைத்து, அளவு சரியா என்று படம் எடுத்து அனுப்பினாள். நான் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"மாமாவுக்கு ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுது?" என்றுதான் முதலில் கேட்டாள். எண்ணைச் சொன்னேன். "பயப்பட வேணாம், சரியாயிரும்" என்றாள். பிறகு, "நீங்க சாப்டீங்களா?" என்றாள். அதன்பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

அப்பா பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமையும் வந்தது. "இடம் போட்டது போட்டதுதான். நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கூடாரம் போடுகிற பக்கம் டவர் கிடைக்காது. அவளுடைய இரவு எனக்குக் கடை நேரம். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, அன்று திறந்தேன். ஒரு மோட்டாருக்குச் சுற்று எண்ணிக்கை தப்பித் தப்பி மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. நாலரை மணிக்குப் போன் வந்தது. அவளுக்கு அப்போது காலை ஏழு, டவர் கிடைக்கிற இடம் வரை நடந்து வந்திருந்தாள்.

"தூங்கினேங்க."

"கார்லயா?"

சிரித்தாள். "கூடாரத்துலதான். விடியுற வரைக்கும். காலைல ஒரு மான் வந்து நின்னுச்சு. மஞ்சப் பெயிண்ட்டு வழியில போயிட்டு வரலாம்னு இருக்கேன்."

"போயிட்டு வா" என்றேன்.

அவள் குரலில் பொய் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் தனியாகத் தூங்கப் பழகிவிட்டாள். அந்த நினைப்பு மட்டும் நிம்மதியோடு சேரவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா விழித்திருந்தார். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டுவிட்டேன்.