தலைதட்டாத தொட்டி

இரண்டாயிரமாம் ஆண்டில் என் எம்.இ. பட்டம் கொல்லிமலையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அனலாக்கும் டிஜிட்டலும் கலந்த அமைப்புகளைப் பொருள்நோக்கு மொழியில் எழுதிக்காட்டுவது என் ஆய்வு. தொட்டி ஒரு பொருள், மோட்டார் ஒரு பொருள், மிதவை சுவிட்ச் ஒரு பொருள். ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதிக் கோத்துவிட்டால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது அனலாக். மோட்டார் ஓடுவதும் நிற்பதும் டிஜிட்டல். இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது என்று நானேதான் தேர்ந்தெடுத்தேன். சொந்தக் காசில் சூனியம்.

கணினியில் மிதவை எழும்பியதும் மோட்டார் நின்றது. மலைமேல், திண்ணனூர் நாடு என்ற அந்த ஊர்ப்பகுதியில் நிற்கவில்லை. தொட்டியில் நான் பொருத்தியிருந்த கருவியின் கணக்குப்படி, தண்ணீர் விளிம்பைத் தொட்ட பிறகும் கால் மணி நேரம் ஓடியது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். மிதவையில் கல்லைக் கட்டி முக்கி வைத்திருந்தார்கள். மோட்டார் போடும் அக்காவிடம் எரிச்சலோடு காரணம் கேட்டேன்.

“தலதட்டி அளக்கறது எங்கூருப் பழக்கமில்லீங்க சாமி,” என்றார்.

அங்கே சாமையை வள்ளம் என்னும் படியில் அளந்தால் கோபுரமாகக் குவிந்து நாலு மணியாவது கீழே சிந்த வேண்டும். விளிம்போடு தலைதட்டி மட்டமாக அளந்தால் தரித்திரம். தண்ணீரைக் குவிக்க முடியாதே, அதனால் வழிய விட்டார்கள்.

“வழியாம எப்படீங்க நெறஞ்சதாகும்?”

நான் அடிவாரத்துக்காரன். எங்கள் வீட்டில் தலைதட்டித்தான் அளப்போம்.

அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. கணினி சொன்னதும் தொட்டி செய்ததும் பொருந்தாவிட்டால் பட்டம் கிடையாது, பெங்களூரில் பேசி வைத்திருந்த வேலையும் கிடையாது. ஆகவே விஞ்ஞானத்துக்கு என்னாலான சேவையைச் செய்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏணியேறி, கல்லை அவிழ்த்துப் புதரில் எறிந்தேன். கணக்கைத் திருத்துவதைவிட ஊரைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கருவியைக் கழற்றப் போனேன். மோட்டார் நின்றிருந்தது. ஏணியில் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு ஏறி, ஊற்றுத் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சுவிச்சு கெட்டுப்போச்சுங்க சாமி. அரைச்சாண் கொறையாவே நின்னுக்குது,” என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. “பரீச்சைக்கு இந்தத் தொட்டியத்தான் காட்டோணும்னு சொன்னீங்களே. கொறத் தொட்டியக் காட்டுனா உங்களுக்கு வெளங்குமாங்க? அதான் ரெண்டு நாளா நாங்களே நெறச்சு வழிய விடறோம்.”

கல்லை எறிந்தது நான்தான் என்று சொல்லாமலே கருவியைக் கழற்றிக்கொண்டு மலையிறங்கினேன்.

தேர்வில், கருவி பதிந்திருந்த தண்ணீர்மட்டக் கோட்டுப்படத்தை விரித்தேன். மோட்டார் கணினி சொன்ன இடத்திலேயே நின்றிருந்தது. அதற்குப் பிறகு, குடத்துக்கு ஒன்றாக, சின்னச் சின்னப் படிகளாகக் கோடு விளிம்புவரை ஏறியிருந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“மோட்டார் நின்ற பிறகு தண்ணீர் எப்படி ஏறும்?”

“அளவீட்டுப் பிழை, சார்,” என்றேன். அதையே ஆய்வேட்டிலும் எழுதச் சொன்னார். எழுதிக்கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.