மாப்பிள்ளையின் இடுப்புக் கயிறு

தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கமில்லை. பயமே கிடையாது என்று மார்தட்டுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வருகிறது. பரவைக்கு மேற்கே, கிணறும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவன் நான். எல்லோரையும் போல ஏழு வயதில் கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் படியேறி மேலே வந்த பிறகுதான் எனக்கு உயிர் வரும். மதுரை தல்லாகுளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, இனிமேல் வாளித் தண்ணீரில் குளிக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

என் தங்கைக்குக் கல்யாணமான முதல் ஆடி. யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருஷம் முந்தி. ஆடி பிறக்கும் முன்பே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். பதினெட்டாம் பெருக்கு விருந்துக்கு மாப்பிள்ளை வந்தார். மதுரையில் கோவிலைச் சுற்றிய தெருக்களிலேயே வளர்ந்தவர், பள்ளிக்கூட வாத்தியார். தெப்பக்குளத்தைக்கூடக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

எங்கள் ஊர் வாய்க்காலில் ஒரு விளையாட்டு உண்டு. மதகுக்குக் கீழே தண்ணீர் சரிந்து விழுந்து, எகிறி, அதே இடத்தில் ஓர் அலை விடாமல் நின்றுகொண்டிருக்கும். வயலில் சேற்றை நிரவுகிற பரம்புப் பலகையை இளவட்டங்கள் அந்த அலை மேல் போட்டு, குப்புறப் படுத்து, மெல்ல எழுந்து நிற்பார்கள். பத்து எண்ணும் வரை ஒருவன் நின்றுவிட்டால் கரையெல்லாம் சீட்டி பறக்கும். விருந்தன்று மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தார். என் பெரியப்பா மகன் சும்மா இருக்கிறவனா?

“என்ன மாப்ள, ஒங்க டவுன்ல அண்டாவுக்குள்ளதான் நீந்துவீகளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. அன்று சாயங்காலமே என்னிடம் வந்து நின்றார்.

“மச்சான், அந்தப் பலகையில நான் ஒரு தடவையாவது நிக்கணும். அதுக்கப்புறம்தான் ஊருக்குப் போவேன்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். புது மாப்பிள்ளை வாய் திறந்து கேட்டதை எந்த வீட்டில் மறுப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு அவர் தங்கிவிட்டார். நானும் ஆபீசுக்கு லீவு போட்டேன்.

நான்கு நாள் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழக்கினேன். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே என் கையில். அவர் மூழ்கினால் நான் இழுப்பேன், புஸ்ஸென்று மேலே வருவார். நூறு தடவை மூழ்கியிருப்பார், நூறு தடவையும் கயிறு அவரைத் தூக்கிக் கொடுத்தது. மூன்றாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிட்டார். நாலாம் நாள் கிணற்றைச் சுற்றி நீந்திவந்து, “கயிறு இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமே இல்ல மச்சான்” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத்தான் பயம் கூடியது.

வாய்க்காலுக்குப் புறப்பட்ட அன்று, கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டினேன். புதுக் கயிறு, போர்த்திவிட ஒரு கம்பளி, தண்ணீர் குடித்துவிட்டால் ஆளைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்க ஒரு மண்பானை, சுக்குத் தண்ணீர். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னடா, பிரசவம் பாக்கவா போற?”

“நீ சும்மா இரு. ஆபத்து சொல்லிக்கிட்டா வரும்?” என்று எரிந்து விழுந்தேன்.

தங்கையும் எங்களோடு வந்தாள். மாப்பிள்ளையின் இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்டேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன், மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். கிணற்றில் மேலே நின்றுதானே பிடித்தோம் என்று இங்கேயும் மதகை ஒட்டி மேலே நின்றுகொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

“என்ன ஆனாலும் கயிற மட்டும் விட்டுறாதீக மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

“அண்ணே கையில இருக்குல்ல? தைரியமா போங்க” என்றாள் தங்கை.

அவர் படுத்தார். பலகை அலையில் ஏறியது. முட்டி போட்டார். நிஜமாகவே எழுந்து நின்றார்! தங்கை கைதட்டினாள். நான் எண்ணத் தொடங்கினேன். நாலு சொல்வதற்குள் பலகை புரண்டுவிட்டது.

நான் இழுத்தேன். வேறென்ன செய்வேன்? கிணற்றில் இழுத்தால் வருவாரே! இங்கே வரவில்லை. கயிறு விறைத்தது, தண்ணீர் அவர் தலைக்கு மேலாக ஏறி மூடிக்கொண்டு ஓடியது. இன்னும் இழுத்தேன். இன்னும் உள்ளே போனார். கால் வழுக்கி நான் ஓரடி முன்னே சறுக்கியபோது அவர் தலை தெரிந்தது, வாய் திறந்திருந்தது. அதைப் பார்த்த பதற்றத்தில் மறுபடியும் இழுத்தேன். தலை மறைந்தது.

இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்துகொண்டிருந்தது. சேற்றில் என் கால்கள் மதகின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டே இருந்தன. விட்டுறாதீக, விட்டுறாதீக என்று அவர் சொன்னதே காதில் கேட்டது. கீழே சுழித்த தண்ணீரைப் பார்த்தேன். கையை உதறிக் கயிற்றை விட்டுவிட்டேன்.

“அண்ணே!” என்று தங்கை போட்ட கூச்சல் இன்றைக்கும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்.

கயிறு பாம்பு மாதிரி ஓடி மறைந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தங்கையின் தாலியை நானே அறுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் கரையோடு ஓடினாள்.

வாய்க்கால் திரும்புகிற இடத்தில், நாணல் புதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை இருமிக்கொண்டிருந்தார். நான் கயிற்றை விட்ட அந்தக் கணமே தலை மேலே வந்துவிட்டதாம். நாலு நாள் கற்ற நீச்சல் மிச்சத்துக்குக் கைகொடுத்திருக்கிறது. கூச்சல் கேட்டு ஓடிவந்த மதகுக்காரர் மூங்கிலை நீட்டி அவரைக் கரையேற்றினார். பிறகு எல்லோரையும் பிடித்துத் திட்டினார்.

“கிணத்துல கட்டுற மாதிரி ஓடுற தண்ணியில ஆளக் கட்டலாமாய்யா? இழுக்க இழுக்க அமுக்கிக் கொன்னுரும். நல்ல வேளை, வெவரம் தெரிஞ்ச மனுசன், கயிற விட்டாரு. இல்லேன்னா இந்நேரம் பொணத்தத்தான் தூக்கியிருப்போம்.”

அவ்வளவுதான். நான் பெரிய புத்திசாலி ஆகிவிட்டேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லேன்னா நான் இல்ல மச்சான்” என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் ஊர் முழுக்க என் சமயோசிதம்தான் பேச்சு. கேலி செய்த பெரியப்பா மகன்கூட, “எனக்கு அந்த நேரத்துல தோணியிருக்காதுண்ணே” என்றான். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

மறுநாள் காலை தங்கை என் உள்ளங்கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

“தெரிஞ்சுதான் விட்டியாண்ணே?”

அவளிடம் எனக்குப் பொய் வராது.

“இல்லம்மா. என்னையும் இழுத்துருமோன்னு பயந்துபோச்சு. விட்டுட்டேன்.”

அவள் விரல் நின்றது. பிறகு மறுபடியும் எண்ணெய் தடவினாள். இரண்டு கையும் முடிந்து, துணி சுற்றி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் பேசினாள்.

“அவருகிட்டச் சொல்லிறாதண்ணே. ஒன்னய நம்பித்தான் அவரு தண்ணியில எறங்குனாரு.”