மகள் ஒளித்துவைத்த கை

எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. இரண்டு வருடத்துக்கு முன், அறுந்த இழையை முடியப் போன அவசரத்தில் நடுக்கதவுக்குக் கொக்கி போட மறந்துவிட்டேன். பின்னாலேயே வந்த என் மூன்று வயது மகள் தறியின் பல்சக்கரத்தில் கைவைத்துவிட்டாள். வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

அன்றிலிருந்து சோறூட்டும்போதெல்லாம் அந்த விரலுக்கு முத்தம் கொடுத்து, "அம்மாவ மன்னிச்சுக்க சாமி" என்று அழுவேன். "கொழந்தையே மறந்துட்டா, நீ வுடமாட்டீங்கறயே" என்று கணவர் சலித்துக்கொள்வார். அழாமலிருந்தால்தான் பாவம் என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாப்பா வலது கைய வெளியவே எடுக்கறதில்லீங்க. எடது கைலதான் எழுதறா. ஏஞ்சாமின்னு கேட்டா, 'இதப் பாத்தா எங்கம்மா அழுவுமுங்க'ங்கறா."

விரல் நுனியை எடுத்தது தறி. முழுக் கையையும் ஒளிக்க வைத்தது நான்.

இப்போது அவள் முன்னால் நான் அழுவதில்லை. அந்த விரலைத் தனியாகத் தொடுவதுமில்லை. இரண்டு கைகளையும் ஒரே மாதிரி கழுவிவிடுகிறேன். மனப்பாரம் குறைந்துவிட்டது என்று பொய் எழுத மனமில்லை. கொக்கியை இன்றும் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

நேற்று மருதாணி அரைத்து வைத்து, கைகளை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினாள். வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"அம்மா அழமாட்டேன் சாமி" என்றேன்.

என் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை வரவில்லை.