ஏழாவது தாய்

என் ஸ்கேன் முடிவைப் படித்து மடித்து வைத்துவிட்டு, அப்பாவின் நோட்டைப் பிரித்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. உடனே சின்ன வயசின் பாலவனத்தம் வீட்டில் இருந்தேன்.

அப்பாவுக்குப் பந்தயக் குதிரைகளின் வம்சாவளி என்றால் உயிர். மெட்ராஸ் சிநேகிதர் அனுப்பும் பழைய ரேஸ் புத்தகங்களிலிருந்து, எந்தக் குதிரைக்கு எது தாய், அந்தத் தாய்க்கு எது தாய் என்று நோட்டில் எழுதிவைப்பார். பந்தயம் கட்டியதில்லை. குதிரை ஓடி நேரில் பார்த்ததுகூட இல்லை. மனசு கலங்கினால் அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசிப்பார்.

"அந்நேரத்துக்கு பைபிள்ல ஒரு சங்கீதம் வாசிக்கலாம்ல" என்பாள் அம்மா.

எனக்கு மட்டும் ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. மழை பொய்த்தால் மூன்று தலைமுறை வாசிப்பார். சித்தப்பா பஸ்ஸில் அடிபட்டபோது ஐந்து.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. அக்கா மஞ்சள்காமாலையோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தை துணைக்கு இருந்தாள். அருப்புக்கோட்டைக்குப் போய் அத்தையிடம் போனில் பேசிவிட்டு அப்பா மத்தியான பஸ்ஸில் திரும்பினார்.

"என்ன சொன்னாக?" என்றாள் அம்மா.

"பாத்துக்கிட்டு இருக்காகளாம்."

சட்டையைக்கூடக் கழற்றாமல் நோட்டோடு உட்கார்ந்தார். புழுதிக் காற்று கதவை அறைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தாயைத் தாண்டினார். ஆறு. ஏழாவது பெயர் வந்ததும் ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி இப்படி நடுங்குற?" என்றாள். அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

என் மகளுக்குத் தெரியும். நானே சிரித்துக்கொண்டு சொன்ன கதைதான். இப்போது நான் வாசிக்கும் குரல் கேட்டு அறைக்குள் வந்து நிற்கிறாள்.

"இது எத்தனாவதும்மா?"

"மூணுதாண்டி" என்றேன்.

அவள் வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.