தும்பை வளர்க்கும் களைக்காரி

களைக்கொத்தை முந்தானையில் துடைத்துக் கூரையில் செருகிய பிறகுதான் சங்கிலியம்மாள் தன் வீட்டுக் கொல்லைக்குள் கால் வைப்பாள். அந்த ஆயுதம் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பது தும்பை.

கடமலைக்குண்டுக் காடுகளில் அவளைப் போலக் களையெடுக்க ஆள் கிடையாது. கடலைக்காட்டுக்குள் அவள் நிரை பிடித்துப் போனால் கோரைக்கிழங்குகூட மிஞ்சாது. கூட வரும் பெண்கள் ஒரு தும்பையை விட்டுவிட்டால் போதும், "ஏண்டி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று காடு அதிர ஏசுவாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் அதையே பாத்தி கட்டி வளர்க்கிறாள். தெரிந்தால் சிரிப்பார்களே என்று முள்வேலிக்கு மேல் பழைய சாக்கு வேறு! பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு மட்டும் தெரியும். கேட்டால், "அங்கன அது களை, இங்கன பூ. அம்புட்டுத்தேன் தம்பி" என்பாள். வருஷா வருஷம் பூ பெருத்த செடியில் மட்டும் விதை எடுத்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வாள். வெயிலில் செடி காய்ந்து மடிந்தால் என்ன, புரட்டாசி மழைக்கு மறுபடி தூவுவாள். தரிசுத் தும்பையைவிட அவள் வீட்டுப் பூ இரண்டு பங்கு பெரிது. எனக்கு அதில் பொறாமையே உண்டு.

இந்தக் கார்த்திகையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல். காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்கிற கொயினா மருந்தை விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். பார்க்க வந்த முத்துப்பேச்சியும் மற்றக் களைக்காரப் பெண்களும் கொல்லையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அக்கா வீட்டிலா இவ்வளவு களை! பாவம், முடியாமல் கிடக்கிறாள் என்று சேலையை வரிந்து கட்டி இறங்கிவிட்டார்கள். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம். பூத்து நின்ற தும்பை அத்தனையும் விதை கட்டுமுன்பே வேரோடு போயிற்று. சுருக்குப்பையும் காலி, இருந்த விதையெல்லாம் விதைத்தாயிற்று.

காய்ச்சல் விட்டு எழுந்து வந்தவளிடம், "எப்பிடிக்கா? துப்புரவாக்கிட்டம்ல!" என்று முத்துப்பேச்சி பூரித்து நின்றாள். சங்கிலியம்மாள் கையில் மருந்துக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சொம்போடு கொல்லையைச் சுற்றி நடந்தாள். துவைகல்லுக்குப் பின்னால் தும்பைச்செடி ஒன்று, ஒன்றே ஒன்று, பூவோடு நின்றது.

"அடியே பேச்சி, இத விட்டுட்டியேடி! கண்ணு பொடனியிலயா இருக்கு?"

பேச்சி பதறிப்போய்ப் பிடுங்கக் குனிந்தாள். சங்கிலியம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டு, அத்தனை பேரும் பார்க்க, சொம்புத் தண்ணீரை அந்தச் செடியின் தூரில் ஊற்றினாள்.