கமலாசனிக்கு மிஞ்சியிருந்த ஒரு பாடம்

கமலாசனி பிறந்ததிலிருந்து ஒரு கம்பனியையும் கண்ணால் கண்டதில்லை. கிளிநொச்சியிலேயே இல்லை, இப்போது ஓடிவந்து இருக்கும் மல்லாவியில் ஏது கம்பனி? சைக்கிள் திருத்தும் கொட்டில், சங்கக்கடை, இடம்பெயர்ந்து வந்து பூவரசுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வைத்த நகைக்கடை, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கம்பனி இன்னொரு கம்பனியை விழுங்கினால் இரண்டின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகைகளை எப்படி ஒன்றாக்குவது என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படித்த வணிகப் பட்டத்தில் எல்லாப் பாடமும் முடிந்து ஒன்றுதான் மிச்சம். உயர் நிதிக் கணக்கீடும் அறிக்கையிடல் நியமங்களும். மூச்சுவிடாமல் சொல்ல முடியாததால் அவளுடைய அம்மா அதற்கு ‘அந்த நீளப் பாடம்’ என்று பெயர் வைத்திருந்தாள். போன முறை சோதனை நடந்த கிழமைதான் கிளிநொச்சியில் செல் வந்து விழுந்து வெடித்தது. குடும்பம் சட்டி பானையோடு மல்லாவிக்கு ஓடியது. சோதனை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த முறையும் எழுதாவிட்டால் பதிவு காலாவதி. பிறகு முதலாம் வருடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

கூடப் படித்தவள் புனிதம். முல்லைத்தீவுக் கரையில் தோணியும் வலையுமாக இருந்த வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் பொதுவாக ஒரு கல்குலேற்றர் இருந்தது. வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை என்பதால் அது செத்துப் பல மாதம். புனிதம் அதை எறியாமல், பறக்கும் தாள்களுக்குப் பாரமாக வைத்திருந்தாள். பெருக்கலும் பிரித்தலும் பழைய கொப்பிகளின் ஓரங்களில் கையால் நடந்தன.

“எடியே, இந்தத் தொடர்ந்தியங்கும் எண்ணக்கருவை ஒருக்காச் சொல்லு பாப்பம்” என்பாள் புனிதம்.

“ஒரு நிறுவனம் கண்ணுக்கெட்டின காலம் வரைக்கும் மூடுபடாமல் நடக்கும் எண்டு நினைச்சுத்தான் கணக்கு எழுதோணும்.”

“அப்ப வன்னியிலை ஒருத்தரும் கணக்கு எழுதேலாது. நாளைக்கு இந்தக் கொட்டில் இருக்குமோ எண்டே தெரியாது, இவ கண்ணுக்கெட்டின காலத்துக்குப் போறா.”

இருவரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். மேலே வண்டுபோல ஒரு விமானம் இரையத் தொடங்கினால் சிரிப்பை நிறுத்தி, நியமங்களையும் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள்.

சோதனை நடக்கும் வவுனியாவுக்குப் போவதற்கு இருவரும் இயக்கத்திடம் பாஸ் கேட்டார்கள். கமலாசனிக்குக் கிடைத்தது. புனிதத்துக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ‘அடுத்த முறை பாப்பம்’ என்றார்கள். அடுத்த முறை அவளுக்கும் பதிவு இருக்காது. புனிதம் அழவில்லை.

“நீ போய் எழுதடி. கேள்விப் பேப்பரை மட்டும் எனக்குக் கொண்டுவந்து தா. நான் எழுதியிருந்தா எத்தினை வந்திருக்கும் எண்டு பாக்கோணும்” என்றாள்.

தாண்டிக்குளத்து ஆமிச் சாவடியில் வரிசை, பை கிளறல், மறுபடி வரிசை. அதைத் தாண்டினால் நேரமும் வேறு. அரசாங்கம் போன வருடம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. வன்னி தள்ளவில்லை. வன்னிப் பக்கம் பழைய நேரம், வவுனியாப் பக்கம் புதிய நேரம். இது கமலாசனிக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கைமணிக்கூடும் பற்றரி இல்லாமல் நின்றுபோனதால், வவுனியா வீட்டு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போகவேண்டும் என்று வழியிலேயே நினைத்துக்கொண்டாள்.

வவுனியா வீடு மயில்வாகனம் சித்தப்பாவுடையது. கமலாசனியின் சின்னம்மாவைக் கட்டியவர். சின்னம்மா போய்ச் சேர்ந்தபின் மாடுகளோடு தனியே இருந்தார். பிள்ளையைக் கண்டதும் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரு கோப்பை பால் குடித்து முடிப்பதற்குள் அடுத்த கோப்பை வந்தது.

“சோதினை எத்தினை மணிக்குப் பிள்ளை?”

“ஒன்பதுக்குச் சித்தப்பா. உங்கட மணிக்கூடு சரிதானே?”

“என்ன கேள்வி கேக்கிறாய்? செக்கனும் பிசகாது!” என்றார், தன் மாட்டை அவள் குறை சொல்லிவிட்டதுபோல.

அவர் பொய் சொல்லவில்லை. காலையில் பாலைக் கறந்து வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் வானொலி பாட, மணிக்கூட்டின் முன்னே நின்று ஒரு முறை முள்ளைப் பார்த்தார்.

“எட்டுத்தான் பிள்ளை. ஆறுதலாச் சாப்பிட்டிட்டுப் போ.”

கமலாசனி ஆறுதலாகச் சாப்பிட்டாள். புட்டும் முட்டைப் பொரியலும். சோதனை நடக்கும் பள்ளிக்கூடம் கிட்டத்தான். வழியில் ஆமிக்காரன் பையைக் கிளறி, கூட்டுக் கணக்குக் குறிப்பைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டுப் போகவிட்டான். பள்ளிக்கூட வாசலில் ஒரு குருவியையும் காணவில்லை. உள்ளேயும் சத்தமில்லை.

‘வவுனியாப் பிள்ளையள் கடைசி நேரத்திலைதான் வாறவை போலை’ என்று நினைத்தாள். மதிலோரத்து வாகை மரத்தின் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து குறிப்பை விரித்தாள். ஐந்தொகைத் திகதிக்குப் பின்னரான நிகழ்வுகள். ஆண்டுக் கணக்கை மூடிய பிறகு களஞ்சியம் எரிந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதா, குறிப்பில் மட்டும் சொல்வதா? அவளுக்குப் பிடித்த பகுதி அது. இரண்டு தரம் வாசித்தாள். மனம் குளிர்ந்து கிடந்தது. இப்படி நேரத்தோடு வந்து, பதறாமல், மரநிழலில் இருந்து ஒரு சோதனைக்கும் அவள் படித்ததில்லை.

நெடுநேரமாகியும் ஒருவரும் வராதபோதுதான் ஒரு மாதிரி இருந்தது. எழுந்து உள்ளே போனாள். விறாந்தை முழுக்கச் செருப்புகள். மண்டபத்துக்குள் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன.

கண்ணாடி போட்ட மேற்பார்வையாளர் வாசலுக்கு வந்தார்.

“என்ன தங்கச்சி?”

“சோதினை எழுத வந்தனான் சேர். ஒன்பதுக்குத்தானே?”

அவர் அவளையும் அவளுடைய அனுமதி அட்டையையும் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பதரை தாண்டியிருந்தது.

“அரை மணித்தியாலம் வரைக்கும்தான் விடலாம். இப்பதான் வரவுப் பட்டியலைக் கையெழுத்து வைச்சு மூடினனான்.”

“இல்லை சேர், வீட்டு மணிக்கூட்டிலை…” என்று தொடங்கினாள். அங்கேயே நின்றாள். சித்தப்பா முள்ளைப் பார்த்தபோது பக்கத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. அது திருச்சி வானொலி. இந்தியாவின் நேரமும் வன்னியின் பழைய நேரமும் ஒன்று. மாட்டோடு வாழும் மனிதருக்குப் புதிய நேரம் எதற்கு? அவர் திருச்சியைக் கேட்டுக் கேட்டு, வவுனியா நடுவில் பழைய நேரத்தைச் செக்கன் பிசகாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

“நான் இஞ்சதான் சேர் இருந்தனான். அந்த மரத்துக்குக் கீழை. எப்பவோ வந்திட்டன்.”

அவர் மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னாலை ஒண்டும் செய்யேலாது தங்கச்சி” என்றார். அவரால் உண்மையாகவே முடியாது என்பது முகத்தில் தெரிந்தது. கத்துவதற்கு ஒரு கெட்ட மனிதராவது அகப்பட்டிருக்கலாம்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மரத்தடிக்கே திரும்பிப் போய் இருந்தாள். சோதனை முடிந்து வெளியே வந்த ஒரு பெடியனிடம் கேள்விப் பேப்பரைக் கேட்டாள். “நாசமாப்போன பேப்பர், வைச்சிருங்கோ அக்கா” என்று தூக்கிக் கொடுத்தான். வாசித்துப் பார்த்தாள். கூட்டு ஐந்தொகை வந்திருந்தது. களஞ்சியம் எரிந்த கேள்வியும் வந்திருந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்றும் அதில் இல்லை.

மயில்வாகனம் வீட்டு வாசல் படலையில் நின்றார். சமைத்து மூடி வைத்துவிட்டு நிற்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே விளங்கியது.

“எப்பிடிப் பிள்ளை? நேரத்துக்குப் போனியோ?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வெள்ளைச் சாரம் மாற்றித் தலை வாரி நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும் வாய் வேறு கதை சொன்னது.

“ஓம் சித்தப்பா. எல்லாருக்கும் முன்னம் போயிட்டன்.”

“கேள்வியள்?”

“எல்லாம் தெரிஞ்ச கேள்வியள்.”

இரண்டும் பொய்யில்லை என்று தன்னையே சமாதானப்படுத்தப் பார்த்தாள். சரிவரவில்லை.

“நினைச்சனான்!” மயில்வாகனம் துள்ளாத குறை. உள்ளே கூட்டிப்போய் இருத்தி, விரால் மீன் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து அவளுடைய தட்டில் போட்டார். “எங்கட பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் இப்பத்தான் மல்லாவிக்கு வெளிக்கிட்டவன். படலையிலை மறிச்சு, ‘பிள்ளை சோதினையை வடிவாச் செய்துபோட்டாள், தாயிட்டைச் சொல்லு’ எண்டு சொல்லிவிட்டிட்டன். நீ போய்ச் சேர முன்னம் ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்.”

கமலாசனி சோற்றைப் பிசைந்தாள். கனகலிங்கம் இப்போது தாண்டிக்குளத்தை நெருங்கியிருப்பான். அம்மா கோயிலுக்கு ஓடுவாள். புனிதம் கேள்விப் பேப்பருக்காக ரோட்டில் வந்து நிற்பாள்.

“என்ன பிள்ளை, உறைப்போ? கண் கலங்குது?”

“ஓம் சித்தப்பா, கொஞ்சம் உறைப்பு.”

அவர் அவசரமாக எழுந்து போய், ஒரு சட்டி தயிரோடு திரும்பி வந்தார். அவள் அதையும் ஊற்றிச் சாப்பிட்டாள்.