பொறுப்பில் வைத்த மூச்சுப்பெட்டி

அரசாங்க மருந்தகம் ஒன்று வெளியாரிடமிருந்து எதையேனும் நன்கொடையாகப் பெறுவதாயின், பொருள் வாசலுக்கு வருமுன்னரே மேலிடத்தின் எழுத்துமூல அனுமதி வந்திருக்க வேண்டும். நான் பதுளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்குச் சேர்ந்தபோதும் இதுதான் விதி, ஓய்வுபெற்றபோதும் இதுதான். இடையில் மேசைகள்தான் மாறின.

ஆகவே, பழைய சகா ஒருவரின் மகன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசி, நண்பர்களோடு சைக்கிளில் வந்து தேயிலைத் தோட்டத்து அரசாங்க மருந்தகம் ஒன்றுக்கு மூச்சுக்கான ஒட்சிசன் இயந்திரம் கொடுக்கப்போவதாகச் சொன்னதும், அனுமதிக்கு எழுதியாயிற்றா என்றுதான் கேட்டேன்.

"ஒரு மெஷின் குடுக்கிறதுக்கும் பெர்மிஷனா, அங்கிள்?"

அவர் வங்கி அதிகாரி. கடன் கொடுக்க எத்தனை கையொப்பம் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை நானே எழுதி, லுணுகலைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்து மருந்துக்காரரிடம் கையொப்பம் வாங்கி, உரிய வழியூடாக அனுப்பினேன். உரிய வழி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அலுவலகங்கள்.

பங்குனியில் பயணம் தொடங்கியது. பதிலின் பயணம் தொடங்கவில்லை.

கடைசி நாள் பண்டாரவளையில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். சைக்கிளில் அல்ல, பின்னால் வந்த வேனில், இயந்திரத்துக்கும் வாழைக்குலைக்கும் நடுவில். பதுளை வரை பெரும்பாலும் இறக்கம். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள், மலைகளைப் படம் எடுத்தார்கள். பசறை வீதி ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றது. லுணுகலையிலிருந்து தோட்டத்துப் பாதையில் திரும்பியபின் சைக்கிளில் இருந்தவர் எவருமில்லை. எல்லோரும் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கடந்துபோன ஓட்டோக்காரர் ஒருவர், கயிறு இருக்கிறது, கட்டி இழுக்கட்டுமா என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

மருந்தகத்தின் மர வாங்கில் வயதான ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டின் அடுப்புப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது. மூச்சு முட்டினால் ஓட்டோவில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். போன தடவை பாதி வழியில் உதடு நீலமாகிவிட்டதாம். இன்னொரு தடவை அந்தப் பாதையைத் தாங்கமாட்டார் என்று மகள் அழுதிருக்கிறாள். மருந்துக்காரர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டதே இவரை நினைத்துத்தான்.

வியர்த்து, குனிந்து, மூச்சு இளைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மருந்துக்காரரிடம், "பாவங்க, மொதல்ல இவுங்களுக்கு மாட்டிவிடுங்க" என்றார்.

மருந்துக்காரர் யாருக்கும் மாட்டுவதாக இல்லை. இயந்திரத்தை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டார். தனக்கு இன்னும் சேவைக்காலம் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்றார். வங்கி அதிகாரி மனிதாபிமானம் பற்றிப் பேசினார். மருந்துக்காரர் தலையாட்டிக் கேட்டார். இயந்திரம் வெளியேயே நின்றது. சரியான அதிகாரிதான். என் கீழ் வேலை செய்திருந்தால் பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

விதியை விதியால்தான் தாண்ட வேண்டும். அவரைத் தனியே அழைத்தேன்.

"தம்பி, நன்கொடை எண்டு ஒரு சொல்லும் எழுதாதையும். வழிப்போக்கர் பாதுகாப்புக்கு வைச்ச பொருள் எண்டு எழுதும்."

"வச்சுக்கலாமுங்களா?"

"வைச்சிருக்கிற பொருளைப் பழுதாக விடக்கூடாது. தினம் ஓட்டிப் பார்க்கவேணும். சும்மா ஓட்டினால் மின்சாரம் வீண்; கணக்காய்வில கேள்வி வரும். ஆரேனும் மாட்டியிருந்தால்தானே ஓடுறது தெரியும்?"

அவர் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து அந்த அம்மா இயந்திரப் பரிசோதகர் ஆனார். காலையும் மாலையும் லயத்து வரிசை வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்து, குழாயை மூக்கில் மாட்டி உட்கார்ந்து, இயந்திரம் நல்ல நிலையில் இருப்பதாக மருந்துக்காரருக்கு அறிவிப்பார். சம்பளமில்லாத பதவி. பதுளைக்கு ஓட்டோ போகவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மருந்துக்காரர் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கையில் மேலிடத்துப் பதில். அனுமதி வழங்கப்பட்டிருந்தது. கூடவே நிபந்தனை: பெற்றுக்கொண்டதும் தொழில்நுட்பப் பரிசோதனைக்காக இயந்திரத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும்; பரிசோதனை முடியும்வரை பாவிக்கலாகாது.

"எப்பங்க ஐயா திரும்பி வரும்?"

களஞ்சியங்களை நான் அறிவேன். உள்ளே போன பொருட்களையும் அறிவேன். வெளியே வந்தவற்றோடு அவ்வளவு பழக்கமில்லை. கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"கிடைத்த திகதி முத்திரையைக் குத்தினீரோ?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப இது இன்னும் வரேல்லை."

அவர் தேநீரைக் குடித்து முடித்து, கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மேலிடத்திலிருந்து நினைவூட்டல் எதுவும் வரவில்லை. தாம் எழுதியதற்கு என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் அங்கே என் காலத்திலும் இருந்ததில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, அந்த அம்மா தம் காம்பராவில் மகள் பக்கத்திலிருக்க அடங்கிப்போனார். பாதையில் அல்ல. கருமாதிக்கு நானும் போனேன். அது முடிந்து சில நாட்களில் மருந்துக்காரர் முத்திரையை எடுத்துக் கடிதத்தில் குத்தி, இயந்திரத்தை லொறியில் ஏற்றி அனுப்பினார். எனவே, அலுவலகப் பதிவுக் கோவையின்படி மேலிடத்துப் பதில் எங்களுக்குக் கிடைத்தது கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள்.